எரிந்த சரிவும் ஐப்பசி மழையும்

எங்கள் நிலம் வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே போனால் ஒரு குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. தாத்தா வாங்கிய ஒன்றரை ஏக்கர். பாதி சமதரை, பாதி சரிவு. மேலே காப்புக்காடு, கீழே மனைப்பிரிவுகள், நடுவில் நாங்கள். சாலையோரத்தில் யாரோ கொளுத்திவிட்டுப் போன குப்பையிலிருந்து காய்ந்த புல்லில் தீ பிடித்து, பங்குனி வெயிலில் ஒரே பிற்பகலில் சரிவு முழுக்கக் கருகிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து கீழே இருந்த வீடுகளைக் காப்பாற்றிக் கொடுத்தது. சரிவில் ஏற வண்டிக்கு வழியில்லை, அது எரிந்தே அடங்கியது.

அந்தச் சரிவை மறுபடி பச்சையாக்க நாங்கள் செய்தவற்றை எழுதுகிறேன். சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் தரிசுகளிலும் கோடையில் புல் எரிவது சாதாரணமாகிவிட்டது. எரிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டால், "மரக்கன்று நடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மரக்கன்றுக்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் காலக்கணக்கு. இங்கே தீ வருவது மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில். சென்னைக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. அதில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. அதுவும் நிதானமாகப் பெய்வதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அப்படியொரு மழை மொட்டைச் சரிவில் விழுந்தால், இந்தப் பக்கத்துச் சரளைச் செம்மண்ணில் மேலே இருக்கிற கொஞ்சநஞ்ச நல்ல மண்ணும் கீழே உள்ள ஏரிக்குப் போய்விடும், பிறகு பாறைதான் மிச்சம். ஆகவே ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் சரிவில் ஏதாவது வேர்விட்டு நின்றாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு ஆனிக்கும் புரட்டாசிக்கும் இடையில் சாயங்காலங்களில் வரும் இடிமழை. ஆடிப் பட்டம் தேடி விதை என்று நெல்லுக்கும் பயறுக்கும் சொல்வது எரிந்த சரிவுக்கும் அப்படியே பொருந்தும். தீக்கும் ஆடிக்கும் நடுவில் உள்ள மாதங்களை நிலத்தைப் படிக்கவும், மண்ணைத் தடுக்கவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "ஜேசிபிய விட்டு ஒரே நாள்ல வழிச்சுத் தள்ளிடலாம்டா, சுத்தமா இருக்கும்" என்றார். "வேணாம் பெரியப்பா, வேர் போச்சுன்னா மண்ணும் போயிடும்" என்று சொல்லித் தடுத்தேன். எரிந்து நிற்கும் புல்தூர்களும் செடிகளின் அடிக்கட்டைகளும்தான் அப்போதைக்கு மண்ணைப் பிடித்திருப்பவை. பக்கத்து நிலத்துக்காரர் ஜேசிபி விட்டார். ஆவணியில் ஒரு ராத்திரி பெய்த மழையிலேயே அவர் நிலத்திலிருந்து செஞ்சேறு இறங்கித் தெரு முழுக்கக் கணுக்கால் அளவு நின்றது. சரிவில் முழங்கை ஆழத்துக்கு வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருந்தது. வெட்டிப்போன இடத்தில் புதிதாக விதைத்து ஒன்றும் நிற்காது, அங்கே முதலில் கல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

தீ ஆறிய பிறகு சரிவை நடந்து பார்த்தபோது எல்லா இடமும் ஒரே மாதிரி எரிந்திருக்கவில்லை. புல் மட்டும் எரிந்த இடத்தில் கரி கறுப்பாகக் கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கினால் கீழே புல்லின் அடித்தூர் வெளிறின பச்சையோடு இருந்தது. வெட்டிப் போட்ட சீமைக்கருவேல விறகு கிடந்த இடங்களில் மட்டும் வெள்ளைச் சாம்பல், அதற்கடியில் மண்ணே செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. கறுப்பு இடத்தில் வேரும் விதையும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். வெள்ளைச் சாம்பல் இடத்தில் மேல்மண்ணில் கிடந்த விதை எல்லாம் வெந்துபோயிருக்கும். கைவசம் இருக்கிற விதையையும், மண்ணை மூடப் பரப்பும் வைக்கோல், ஓலை போன்ற மூடாக்கையும் வெள்ளைச் சாம்பல் இடங்களுக்கும் செங்குத்தான இடங்களுக்கும் முதலில் ஒதுக்குங்கள். கறுப்பு இடங்கள் பெரும்பாலும் தானே எழுந்துகொள்ளும்.

எங்கள் நிலத்தில் வேலைக்கு வரும் இருளர் அக்கா ஒருவர் இருக்கிறார். குன்றில் எந்தச் செடி எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கருகி நின்ற ஒரு களாப் புதரைக் காட்டி, எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அத்தப் புடுங்காத தம்பி. மேலதான் கருகிக்கீது. வேரு உசுரோட கீது."

அரிவாள் முனையால் அடிக்கட்டையின் தோலை லேசாகச் சீவிக் காட்டினார். கரிக்குக் கீழே ஈரமான வெளிர்பச்சை. களா, காரை, நுணா, வெப்பாலை என்று ஒவ்வொன்றாகச் சீவிப் பார்த்துக்கொண்டே போனோம். பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன. பனைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, கீழ்மட்டைகள் மட்டும் எரிந்திருந்தன. முதல் மழைக்கு அந்தக் கட்டைகளின் அடியிலிருந்து செந்துளிர் கொத்துக் கொத்தாக வந்தது. சோழமண்டலக் கரையின் இந்தப் புதர்க்காட்டுச் செடிகளுக்கு வெட்டினாலும் எரித்தாலும் மறுபடி தழைக்கிற குணம் உண்டு. எரிந்த மறுவாரமே புதர்களைத் தோண்டி எடுப்பவர்கள் இருபது முப்பது வருட வேரைத் தோண்டி எறிகிறார்கள்.

அடுத்தது மண் தண்ணீரைக் குடிக்கிறதா என்று பார்ப்பது. இலைதழை எரியும்போது அவற்றிலுள்ள மெழுகுச் சத்து ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, கொஞ்சம் குளிர்ந்த அடுக்கில் போய்ப் படிந்துகொள்ளும். அப்படிப் படிந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்ணில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலை மேல் நிற்கிற மாதிரி உருண்டு நின்றால் அந்த இடம் மழையை அப்படியே வழித்துக் கீழே தள்ளிவிடும். மேல்மண் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அரை விரல் ஆழத்தில் சுரண்டி அங்கேயும் ஒருமுறை பாருங்கள், சில இடங்களில் மேலே குடிக்கும், கீழே குடிக்காது. எங்களுக்கு விறகு எரிந்த இடங்களில் மட்டும் அப்படி இருந்தது. களைக்கொத்தால் சரிவுக்குக் குறுக்கே இரண்டு அங்குல ஆழத்துக்கு லேசாகக் கீறிவிட்டோம். அதற்கு மேல் கிண்டத் தேவையில்லை. சாம்பலை வாரவும் கூடாது. அதில் பொட்டாஷும் சுண்ணாம்பும் இருக்கும். தழைச்சத்துதான் (நைட்ரஜன்) பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. அதை மண்ணில் திரும்பச் சேர்க்கிற பயறுவகைச் செடிகளை விதைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் அது.

சித்திரை, வைகாசியில் வெயில் தாழ்ந்த பிறகு கல் வரப்புகள் போட்டோம். சரிவில் கண்ணால் பார்த்து மட்டம் பிடிக்க முடியாது. இரண்டு சவுக்குக் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் குச்சி வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டால் ஏ வடிவச் சட்டம் தயார். ஓரிடத்தில் நிறுத்தி, கயிறு குறுக்குக் குச்சியைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி அதே இரு புள்ளிகளில் நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரிநடுதான் மட்டம். பிறகு ஒரு காலை ஊன்றி, கயிறு நடுக்கோட்டுக்கு வரும் இடத்தில் மறுகாலை வைத்து, முளை அடித்துக்கொண்டே போக வேண்டும். சட்டத்தைப் பிடிக்க ஒருவர், முளை அடிக்க ஒருவர் போதும். அந்தக் கோட்டில் அரைச் சாண் ஆழத்துக்குக் கீறி, குன்றில் கிடக்கிற கல்லையே ஓர் அடி உயரத்துக்கு அடுக்கினோம். செங்குத்தான இடத்தில் பதினைந்து அடிக்கு ஒன்று, மற்ற இடங்களில் இன்னும் தள்ளி. குழி வரப்பு வெட்டச் சொன்னவர்களும் உண்டு. இரண்டு அடியில் பாறை தட்டுகிற இடத்தில் மண்ணைத் தோண்டிப் புரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, கல் அடுக்குவதே நல்லது.

ஓடைத் தடங்களில் சின்னச் சின்னக் கல் தடுப்புகள். அவற்றின் நடு கொஞ்சம் தாழ்ந்தும் இரு ஓரங்களும் உயர்ந்தும் இருக்க வேண்டும், தண்ணீர் நடுவால் வழிய வேண்டும். மட்டமாகக் கட்டினால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் புதுத் தடம் வெட்டிவிடும். வேலையை மேலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். மேலே வேகம் குறையாமல் கீழே என்ன கட்டினாலும் நிற்காது.

மூடாக்கு இல்லாமல் விதைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீக்குப் பிறகு பல பத்தாண்டுகள் விமானத்திலிருந்து ரைகிராஸ் போன்ற புல்விதைகளைத் தூவியிருக்கிறார்கள். அங்கே நடந்த கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் ஆண்டு அரிப்பை விதைப்பு மட்டும் நம்பகமாகக் குறைக்கவில்லை, நிலத்தை வைக்கோலால் மூடியது குறைத்தது என்று தெரிந்தது. விதை முளைத்து வேர்விடுவதற்குள் பெருமழை வந்துவிட்டால் விதையும் மண்ணோடு போகிறது. அடர்ந்து முளைத்த வெளிப்புல் அந்த மண்ணின் சொந்தச் செடிகளை எழவிடாமல் அமுக்கியதும் உண்டு. அந்த ஊரின் மழையும் மண்ணும் வேறுதான். ஆனால் மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காமல் பார்த்துக்கொள்வது எந்த ஊருக்கும் பொது.

நாங்கள் ஏக்கருக்கு ஒரு டன் கணக்கில் வைக்கோல் வாங்கினோம். திருப்போரூர், செங்கல்பட்டுப் பக்கம் அறுவடை முடிந்து கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. நெல்வயல் களை விதை வருமே என்று பயப்பட வேண்டாம், சேற்றில் வளர்கிற களைகள் மேட்டுச் சரிவில் பிழைப்பதில்லை. கட்டு வரப்பிலோ சாலையோரத்திலோ கிடந்ததா என்று மட்டும் விசாரியுங்கள், அங்கேதான் பார்த்தீனியம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமாகப் போடக் கூடாது. மேலிருந்து பார்த்தால் அங்கங்கே மண் தெரிய வேண்டும், பத்தில் ஆறு ஏழு பங்கு மூடினால் போதும். காற்று அதிகம் அடிக்கிற இடத்தில் தென்னை மட்டைகளையும் பனை ஓலைகளையும் குறுக்கே கிடத்தி முளையடித்து நிறுத்தினோம். சித்திரையிலேயே வைக்கோலைப் பரப்பிவிடாதீர்கள், இன்னொரு தீக்கு அதுவே தீனி. விதைத்த கையோடு, மழை பிடித்த பிறகு பரப்புங்கள்.

விதைக்கு வருகிறேன். அடிப்படைப் புல்லாகக் கொழுக்கட்டைப் புல் எடுத்தோம். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பது வழக்கமான அளவு, ஏக்கருக்கு மூன்று கிலோ வரும். புது விதை வாங்காதீர்கள். அறுத்து ஆறேழு மாதம் உறக்கத்தில் இருக்கும் விதை அது, போன வருடத்து விதைதான் முளைக்கும். பஞ்சு மாதிரி மயிரோடு இருப்பதால் கையால் வீசினால் காற்று கொண்டுபோய்விடும். ஈர மணலோடு பிசறி, கல் வரப்புகளை ஒட்டி மேல்பக்கம் தூவினோம். ஒரு செ.மீ.க்கு மேல் மண் மூடக் கூடாது. விளக்குமாற்றால் லேசாக இழுத்துவிட்டாலே போதும்.

அதோடு கொழிஞ்சி. இந்த மண்ணுக்குச் சொந்தச் செடி, தழைச்சத்தைக் கொண்டுவரும், முக்கியமாக ஆடுமாடு மேயாது. வேலி இல்லாத சரிவுக்கு இதைவிடத் தோதான செடி எனக்குத் தெரியாது. தோல் கெட்டி விதை என்பதால் அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். கரடு மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்த்தோ, கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்தோ விதைக்க வேண்டும். விராலிச் செடியின் விதைக்கும் வெந்நீர் வேலை செய்கிறது. தீயின் சூடே சில கெட்டித்தோல் விதைகளை உடைத்துவிடுவதால், கறுப்பு இடங்களில் நாங்கள் போடாமலே கொழிஞ்சியும் தகரையும் கம்பளமாக வந்தன. அங்கே மேற்கொண்டு எதுவும் விதைக்கவில்லை.

சீக்கிரம் படர்ந்து தரையை மூட நரிப்பயறும் தட்டைப்பயறும். இரண்டையும் வெள்ளைச் சாம்பல் இடங்களில் மட்டும், அதுவும் நெருக்கமில்லாமல், தள்ளித் தள்ளி. துணைக்குப் போடுகிற பயிர் அடர்ந்துவிட்டால் கீழே எழும்புகிற களாத் துளிருக்கு வெயில் கிடைக்காது. கையை இறுக்கிப் பிடித்துத்தான் விதைக்க வேண்டும்.

விதைப்பந்து கொண்டுவருகிறோம் என்று ஆர்வமுள்ள பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். நல்ல மனசு. ஆனால் உருண்டையைச் சரிவில் வீசினால் உருண்டு ஓடைத் தடத்தில்தான் போய்ச் சேரும், முதல் வெள்ளத்தில் அங்கிருந்தும் போய்விடும். அவர்களிடம் கல் அடுக்க வரச் சொன்னேன், சந்தோஷமாக வந்தார்கள். இன்னொன்றும் அவர்களுக்குச் சொன்னேன்: பட்டா நிலத்து எல்லைக்கு மேலே காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே நுழையவோ விதைக்கவோ கூடாது, நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான்.

களை விஷயத்தில் முதல் எதிரி சீமைக்கருவேலம். எரிந்த கட்டையிலிருந்து சில வாரங்களிலேயே துளிர் வெடித்துக் கிளம்பும். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாக வரும். மொட்டுகள் தரைக்குக் கீழே கழுத்துப் பகுதியில் இருப்பதால், மண் ஈரமாக இருக்கும்போது முக்கால் அடி ஓர் அடி ஆழத்தில் கடப்பாரையால் வேரை அறுத்தெடுக்க வேண்டும். சமதரையில் அப்படித்தான் செய்தோம். செங்குத்தான இடத்தில் செய்யவில்லை. கட்டையைத் தோண்டினால் குழி விழும், குழியிலிருந்து அரிப்பு தொடங்கும். அங்கே துளிரை மட்டும் திரும்பத் திரும்பக் கழித்துவிட்டு, சுற்றிலும் புல் பிடித்த பிறகு கட்டையை எடுக்கலாம். கழித்த கிளைகளைக் காய் இல்லாமல் பார்த்துச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தினோம், அதுவும் மண்ணைத் தடுக்கிறது.

விதையிலிருந்து வருகிற கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே, மழை விட்ட மறுநாள் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஒரு பருவம் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு மண்வெட்டி வேண்டும். இதனால்தான் ஆட்டுக்கிடை போடும் யோசனையை மறுத்தேன். "கெடை போட்டா மண்ணு தேறும்" என்று பலர் சொன்னார்கள். விளைநிலத்துக்கு அது நல்ல வழக்கம். ஆனால் கோடையில் இந்தப் பக்கத்து ஆடுகளின் தீனியே சீமைக்கருவேலங்காய்தான். வயிற்றில் போய் வரும் விதை முன்னைவிட நன்றாக முளைக்கும். ஆளே வைத்து விதைத்த கதையாகிவிடும். மக்காத சாணி எருவுக்கும் இதே எச்சரிக்கை.

பார்த்தீனியம் சாலையோரம், நடைபாதை, லாரி மண் கொட்டிய இடம் என்று மனிதக் கால் பட்ட வழியாக உள்ளே வரும். சரிவின் நடுவில் தேடாமல் ஓரங்களைக் காவல் காத்தால் போதும். பூப்பதற்கு முன், கையுறை போட்டு, வேரோடு. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். பூத்துவிட்டதைப் பிடுங்கினால் அங்கேயே போடாமல் சாக்கில் கட்டுங்கள். உண்ணிச்செடிக்குக் கட்டையோடு எடுப்பது தவிர வழியில்லை, பறவை கொண்டுவருவதால் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

மண் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள, வரப்புகளுக்கு மேலும் கீழும் இரும்புக் கம்பிகளை அடித்து, தரைமட்டத்தில் பெயிண்டால் கோடு போட்டிருந்தோம். கோடு மண்ணுக்கு மேலே ஏறித் தெரிந்தால் அந்த அளவு மண் போயிருக்கிறது என்று அர்த்தம். கார்த்திகைப் பெருமழைக்குப் பிறகு பார்த்தால், வரப்புகளின் மேல்பக்கம் கோடுகள் வண்டலுக்குள் புதைந்திருந்தன. வரப்புகளுக்கு நடுவில் சில கம்பிகளில் மட்டும் விரல் அகலம் மண் கரைந்திருந்தது. வண்டல் சேர்ந்த இடத்தில்தான் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் தூர்கட்டி நின்றது. பெரியப்பா மழைக்கோட்டோடு போய் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த வருடம் இன்னும் இரண்டு வரப்பு போடலாம் என்றார்.

அதே ஈரத்தில் ஓடைத் தடுப்புகளின் ஓரம் வெட்டிவேர் நாற்றுகளைச் சாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் வரிசையாக நட்டோம். வேர் ஆழமாக நேர்கீழே போவதால் பக்கத்துச் செடியைத் தொந்தரவு செய்யாது. மரம் அடுத்த வருடம்தான். வீரை, உலக்கைப்பாலை, காயா என்று இந்தக் கரைக்குரிய மரங்களை, புதர் நிழல் பிடித்த இடங்களில் மட்டும்.

தை முடிவதற்குள் நிலத்தைச் சுற்றி, முக்கியமாகச் சாலைப் பக்கம், பத்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு விட வேண்டும். அறுக்க வேண்டும், கொளுத்தக் கூடாது. அந்தக் கோட்டில் கொத்தாமல் வேரோடு விட்டால் அங்கேயும் மண் போகாது. அறுக்கிற சமயத்திலேயே கொழிஞ்சி நெற்று காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருக்கும். வெடிப்பதற்கு முன், காலைப் பனி ஈரத்தில் உருவினால் சிந்தாது. நிழலில் காயவைத்து, வேப்பிலை போட்டு மண்பானையில் கட்டி வைத்திருக்கிறோம். கொழுக்கட்டைப் புல் விதையும் தனியாக இருக்கிறது, வருகிற ஆடிக்கு அது முளைக்கிற பருவத்துக்கு வந்துவிடும். ஜேசிபி விட்ட பக்கத்து நிலத்துக்காரர் அதில் பாதி கேட்டிருக்கிறார். முதலில் ஏ சட்டத்தைக் கொண்டுபோங்கள், கல் அடுக்கி முடித்ததும் விதை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.